எங்க கிளம்பிட்டே?

"நலம் விசாரிக்கறதெல்லாம் அப்புறம். சவுதி வெயில்ல இப்படிக் கருவாடா காய்ஞ்சு வந்திருக்கியே, நெஸ்தோர்!"

"அங்க மீன் கிடைக்கல மாமா. அதான் என்னையே காயவெச்சுட்டாங்க."

பஸ்ஸே சிரித்தது. பிலிப்பைன்ஸில், அவர்கள் ஊரான அர்காவிலிருந்து செபு நகரம் வரைக்கும் ஏறிய ஊர்க்காரர்கள் எல்லோரும் ‘கும்ஸ்தா, எப்படி இருக்கே?’ என்று அவன் தோளைத் தட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து முந்தாநாள்தான் வந்திருக்கிறான். பக்கத்தில் இருந்த மனைவி பெர்லாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

நகரத்துச் சந்தை வாசலில் அவன் தயங்கினான்.

"இங்க வேணாம் பெர்லா. ஒரே கூட்டம்."

"பிள்ளைக்கு ஸ்கூல் பை இங்கதான் மலிவு. வா."

உள்ளே வாழைப்பழம் பொரித்துக்கொண்டிருந்தவள் வாணலியிலிருந்து பாதிக் கண்ணை மட்டும் எடுத்தாள்.

"எங்க கிளம்பிட்டே, டோங்? சாப்பிட்டியா?" என்றாள், தம்பியைக் கேட்பதுபோல.

"சும்மா, இங்கதான், மனாங்" என்று அக்காவுக்குச் சொல்வதுபோலச் சொன்னது அவன் வாய், அவனையும் மீறி.

பெர்லாவின் கால்கள் நின்றன. அரபு நாட்டிலிருந்து வந்தவனை யாரும் ‘எங்க கிளம்பிட்டே?’ என்று கேட்பதில்லை. அது தினம் பார்க்கிற முகத்திடம் கேட்பது.

"இவனை உங்களுக்குத் தெரியுமா, மனாங்?"

"தெரியாமலா? ரெண்டு வருஷமா என் அடுப்புக்கு எதிர்லதானே மூட்டை தூக்கறான்! உங்கிட்டயும் கூலி பேசிட்டானா?"

நெஸ்தோர் தரையைப் பார்த்தான். "ஏஜென்ட் ஏமாத்திட்டு ஓடிட்டான். ஊருக்குத் திரும்ப முகமில்ல, பெர்லா."

"வாராவாரம் வீடியோ போன்ல பேசுவியே, உன் பின்னால ஒரு வெள்ளைச் சுவர் தெரியும்." பெர்லாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "அந்தச் சுவரைக் காட்டு."