பஞ்சுவுக்குப் புண்ணியம்

"வெள்ளைப் பாம்பு வெளியில போறதும், பருந்தைக் கூப்பிட்டு இலை போடறதும் ஒண்ணுதான். நீ இன்னும் எதுக்குடா குச்சியைத் தூக்கிக்கிட்டு புதர் புதரா அலையறே?" என்றான் விராட்.

புன்லெர்ட் வாழை மரத்தடியைக் கிளறினான்.

இருவரும் தாய்லாந்தில், நக்கோன் பதோம் ஊரில் பாம்பு வளர்ப்பவர்கள். புன்லெர்ட்டின் கொட்டகையில் மஞ்சள், சாக்லேட், பாதி வெள்ளை பாதி கறுப்பு என்று வகைவகையாகக் குட்டி மலைப்பாம்புகள் உண்டு. ஆனால் உடம்பு முழுக்க வெள்ளையாக, கண் மட்டும் மிளகு மாதிரி கறுப்பாக அவனிடம் பிறந்தது ஒன்றே ஒன்றுதான். பஞ்சு என்று பேர் வைத்து, பெற்ற பிள்ளையைப் போல ஊரெல்லாம் பெருமை பேசிக்கொண்டிருந்தான்.

கொட்டகையில் எறும்பு மொய்த்த அன்றுதான் பஞ்சுவின் பெட்டியை வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தான். சாயங்காலம் பார்த்தால் மூடி விலகிக் கிடந்தது. ஜன்னலும் திறந்து கிடந்தது. வீட்டுக்குள் தேட அதிக நேரம் ஆகவில்லை. கறுத்த தேக்குத் தரையில் வெள்ளைப் பாம்பு எங்கே கிடந்தாலும் பளிச்சென்று தெரியுமே! தோட்டத்துக்குத்தான் போயிருக்க வேண்டும். அது நடந்து ஒரு மாதம் ஆகிறது.

"பழுப்புக் குட்டி ஓடியிருந்தா, கவலைப்படாதேன்னு நானே சொல்லியிருப்பேன்" என்று விராட் தொடர்ந்தான். "சருகுல படுத்தா சருகு, மண்ணுல படுத்தா மண்ணு. எவன் கண்ணுலயும் படாது. வெள்ளை அப்படியா? பருந்து பார்க்கும், உடும்பு பார்க்கும், பக்கத்து வீட்டுப் பூனை பார்க்கும். காட்டுல வெள்ளைக்குட்டி பொறக்காமலா இருக்கு? பொறக்குது. வளர்றதுக்குள்ள எவனாவது சாப்பிட்டுடறான். உன் பஞ்சுவுக்கு ஒளிய இந்த உலகத்துல இடமே இல்லடா!"

"வாயை மூடுறியா?" புன்லெர்ட் குச்சியை வீசி எறிந்தான்.

வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் அவன் மனைவி லம்யாய். பாம்பென்றால் அவளுக்குக் குலை நடுங்கும். கல்யாணமான நாளிலிருந்து கொட்டகைப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. 'அது வீட்டுக்குள்ள இருந்தா நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்' என்று அன்று கத்தியவளும் அவள்தான், காற்றுக்காக ஜன்னலைத் திறந்தவளும் அவள்தான். இப்போது புருஷன் முகத்தைப் பார்க்க அவளுக்கே பொறுக்கவில்லை.

"என்னங்க, அதுக்கு ஒரு புண்ணியம் பண்ணிடலாம். பிக்கு சாமிங்களைக் கூப்பிட்டு, சோறு போட்டு, ஓதச் சொல்லுவோம். போன மாசம் விகாரையில மந்திரிச்சு வாங்கின நூல் அப்படியே பூஜை அலமாரியில இருக்கு. அது வந்ததுலேர்ந்து புத்தருக்கு வைக்கிற பழத்தை ஒரு சுண்டெலி தொடறதில்ல, அவ்வளவு சக்தி! அதை வச்சே ஓதிடலாம். அடுத்த பிறவியிலயாவது நல்ல பழுப்பு நிறத்துல பொறக்கட்டும்."

"பாம்புக்கா ஓதப்போறீங்க?" என்று விராட் சிரித்தான்.

"ஏன், அடுத்த பிறவி உங்களுக்கு மட்டும்தானா, அண்ணே? நீங்க எலியாப் பொறக்கும்போது தெரியும்!"

புன்லெர்ட் அந்த மாதத்தில் முதல்முறையாகச் சிரித்தான். கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிக்குகள் வந்து பாயில் வரிசையாக அமர்ந்தார்கள். புத்தர் சிலைக்குக் கீழே, மல்லிகை மாலை போட்ட பஞ்சுவின் போட்டோ. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எடுத்த படமாதலால் இரண்டு கறுப்புக் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. பெரிய பிக்கு அதை உற்று உற்றுப் பார்த்தார்.

"இறந்தவர் யாரும்மா?"

"பாம்பு, சாமி."

"ஓ" என்றார் பெரிய பிக்கு, முகத்தில் எதையும் காட்டாமல்.

அத்தனை கேலி பேசிய விராட்டும் வந்திருந்தான். இறந்தவருக்குப் பிடித்ததைப் படைக்க வேண்டுமே என்று ஒரு பொட்டலத்தையும் கொண்டுவந்து போட்டோ முன்னால் வைத்தான். பிரித்துப் பார்த்த லம்யாய் அலறினாள்.

"சாமிங்க முன்னால எலியா? உங்களுக்கு மூளை இருக்கா அண்ணே?"

"பஞ்சுவுக்கு மாம்பழம் பிடிக்காதே! நான் என்ன பண்றது?"

"சரி சரி, இருக்கட்டும்" என்றார் பெரிய பிக்கு. "நூலைக் கொண்டு வாங்க."

புத்தரிடமிருந்து தொடங்கி, போட்டோவைச் சுற்றி, பிக்குகளின் கை வழியாக நூல் ஓடினால்தானே புண்ணியம் போய்ச் சேரும். லம்யாய் உயரத்திலிருந்த பூஜை அலமாரியிலிருந்து, வெள்ளைத் துணி மூடிய பித்தளைக் கிண்ணத்தை இரண்டு கையாலும் இறக்கினாள். தினமும் காலையில் செய்வதுபோல நெற்றியில் ஒற்றிக்கொண்டாள்.

"நாளுக்கு நாள் கனம் கூடுது, சாமி. எல்லாம் நீங்க ஓதிக் கொடுத்த மகிமை!"

பெண் கையிலிருந்து பிக்கு நேராக வாங்கக் கூடாது. ஆகையால் அவர் தன் முன்னால் விரித்த துணியின்மேல் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பயபக்தியோடு பின்னால் நகர்ந்தாள். பெரிய பிக்கு மூடிய துணியை விலக்கி, நூல்கண்டுக்குள் கைவிட்டு முனையைத் தேடினார். தேடிய கை அப்படியே நின்றது.

"அம்மா, நாங்க ஓத வேண்டியது இறந்தவருக்குத்தானே?"

"ஆமா, சாமி."

"அப்படின்னா கொஞ்சம் மெதுவா ஓதறோம். தான் செத்துப்போன விஷயம் இதுக்கு இன்னும் தெரியாதுபோல."

நூலுக்கு நடுவிலிருந்து, நூலைப் போலவே வெள்ளையாக, கொழுகொழுவென்று பஞ்சு தலையைத் தூக்கி விராட்டின் பொட்டலத்தை நோக்கி நாக்கை நீட்டியபோது, ஒரு மாதமாக அதைத் தினமும் நெற்றியில் ஒற்றிக் கும்பிட்டுவந்த லம்யாய், புருஷன் தோள்மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள்.