அறுந்த முனை

அந்த நூல் மில்லில் மிஷின் ஓடும்போது எந்தக் குரலும் எடுபடாது. முப்பது பெண்களும் வருஷக்கணக்காகக் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள். கட்டைவிரலை வாயருகே சாய்த்தால் தண்ணீர். இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரித்தால், இழை அறுந்துவிட்டது, ஓடிவா என்று அர்த்தம்.

ஆட்குறைப்புக்கு முன்னால் தொழிலாளர்களிடம் கருத்துக் கேட்க வேண்டுமாம், சட்டம். மேனேஜர் மிஷின்களை நிறுத்தச் சொல்லி, எல்லாரையும் ஏசி அறையில் உட்காரவைத்தார்.

"ஆளை நிறுத்தாம வேற வழி இருந்தா தாராளமா சொல்லுங்கம்மா."

அவ்வளவு அமைதியில் அவர்களுக்குப் பேச வரவில்லை. முதலில் சீனியம்மாளின் விரல்கள் அசைந்தன. பிறகு அறை முழுக்கக் கைகள் எழும்பின. ஷிப்டைப் பகிர்ந்துகொள்ளலாம் என்றன. ஓவர்டைமை நிறுத்தலாம் என்றன. ஒருத்தியின் கை மட்டும் வயிற்றருகே போய் அங்கேயே நின்றது. பஞ்சு பறப்பதுபோல் சத்தமே இல்லாமல் எல்லாம் நடந்தது.

மேனேஜர் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். 'யாரும் எதுவும் சொல்லவில்லை' என்று நோட்டில் எழுதினார்.

"அப்போ முடிஞ்சுதும்மா" என்று இரண்டு கைகளையும் சேர்த்துப் பிரித்தார்.

முப்பது பேரும் பதறி எழுந்து அவரிடம் ஓடினார்கள். விரிந்து நின்ற அந்தக் கைகளுக்கு நடுவே குனிந்து, அறுந்த முனையைத் தேடத் தொடங்கினார்கள்.