ஏரி உடைஞ்சிருச்சா?

"சார், மைக்கைத் திறந்து விடுங்க! மேல ஏரிக்கரை உடைஞ்சிருச்சாம். தாராவியில சனமெல்லாம் ஓடிக்கிட்டு இருக்கு!"

பொன்செல்வி போட்ட சத்தத்தில் ஸ்டுடியோ கண்ணாடியே அதிர்ந்தது.

வானொலியில் தமிழுக்கென்று இருக்கும் அரை மணி நேரம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவள்தான் அறிவிப்பாளர். வெளியே மும்பை மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

டியூட்டி ஆபீசர் நாணு நிதானமாகக் கேட்டார்.

"யார் சொன்னது?"

"வாட்ஸப்புல வாய்ஸ் மெசேஜ் சுத்துது சார். ஏதோ ஒரு எப்.எம்.லயும் சொல்லிட்டாங்களாம்."

"ஏரியைக் கண்ணால பார்த்தவங்க யாராவது சொன்னாங்களா?"

"சார்!"

"கன்பார்ம் ஆகாம நம்ம மைக்குல ஒரு வார்த்தை போகாதும்மா. அடுத்த பாட்டைப் போடு."

பாட்டா! பொன்செல்விக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தத் தமிழ் நிகழ்ச்சியை யார் கேட்கிறார்கள், நிறுத்திவிடலாமே என்று மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு அடிபடுகிறது. ஊரே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடும்போது பாட்டுப் போட்டால் யார்தான் கேட்பார்கள்?

வேறு வழியில்லாமல் பாட்டைப் போட்டாள். அவள் மொபைல் துடித்தது. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் குடியிருக்கும் தங்கை தங்கமயில்.

"ஏக்கா, கரன்ட் இல்ல, டிவி இல்ல. எல்லாரும் ரயில்வே பாலத்துக்கு ஓடுதாவ. பிள்ளையத் தூக்கிக்கிட்டு நானும் ஓடட்டா?"

பொன்செல்வி திரும்பி நின்று, நாணு காதில் விழாதபடி சொன்னாள்.

"நிக்காதட்டி. ஓடிரு!"

போனை வைத்ததும் அவரிடம் சீறினாள்.

"உங்களுக்கென்ன சார்! செம்பூர்ல மூணாவது மாடியில வீடு. வெள்ளம் வந்தா ஜன்னல்லேருந்து வேடிக்கை பார்ப்பீங்க. எங்காளுங்க தரையில கிடக்காங்க சார்!"

நாணு மேசைப் போனைச் சுழற்றிக்கொண்டே இருந்தார். முனிசிபாலிட்டி கன்ட்ரோல் ரூம், எங்கேஜ்டு. வேறொரு நம்பர், அதுவும் எங்கேஜ்டு. இன்னொன்று. யாரிடமோ மராத்தியில் கெஞ்சினார். ஏரிக்கரையில் இருக்கும் ஆளின் நம்பர் வேண்டும், அது போதும் என்றார்.

பக்கத்துப் போன் அலறியது. எடுத்தால், தாராவி பிள்ளையார் கோயில் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் பூதத்தான் அண்ணாச்சி.

"என்னம்மா பாட்டுப் போட்டுக்கிட்டு இருக்கிய? பாலத்துல ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறுதாவ! படியெல்லாம் வழுக்குது. ரெண்டு பேரு விழுந்துட்டாவ. ஏரி உடைஞ்சிச்சா, இல்லையா? நீங்களாவது உண்மையச் சொல்லுங்கம்மா!"

பாலம்! அங்கேதானே பொன்செல்வி தங்கமயிலை விரட்டிவிட்டாள்?

"கிடைச்சிடுச்சு!"

நாணு துள்ளி எழுந்து ஸ்பீக்கரைத் தட்டினார். காற்றும் மழையும் இரைய, நடுவே ஓர் ஆண்குரல் இந்தியில் கத்தியது.

"பாந்த் பே ஹீ கடா ஹூன், சாப்!"

ஏரியின் இன்ஜினீயராம். கரையின் மேலேயே நிற்கிறாராம். நிறைந்த ஏரி வழக்கமான வழியில்தான் வழிகிறது, கரையில் ஒரு கீறல்கூட இல்லை என்றார். நாணு இன்னொரு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டு, பொன்செல்வியைப் பார்த்துக் கையை வீசினார்.

"பேசு! செந்தமிழ் வேண்டாம். உங்க தெருவுல பேசுற மாதிரியே பேசு!"

சிவப்பு விளக்கு எரிந்தது.

"ஏ அண்ணாச்சிமாரே, அக்காமாரே! ஏரி உடையல! கேக்குதா? ஏரி உடையல! கரைமேல நிக்கிற இன்ஜினீயரே இப்பத்தான் சொன்னாரு. ஓடாதிய! பாலத்துல இருக்கவங்க அப்படியே நில்லுங்க. கடைசியில நிக்கவங்க மொதல்ல மெதுவா இறங்குங்க. யாரும் யாரையும் தள்ளாதிய!"

மூச்சு விடாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் இருமிய இடைவெளியில் நாணு இன்னொரு மைக்கை இழுத்து இந்தியில் சொன்னார், மராத்தியில் சொன்னார்.

போன் மறுபடி அலறியது. பூதத்தான்தான்.

"தாயி! கோயில் ஆம்ப்ளிபயர் பேட்டரியில ஓடுது. மைக்குக்கு நேரா என் ரேடியோவப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். பாலம் வரைக்கும் உன் சத்தம் கேக்கு! சனம் நின்னுட்டு… இறங்குது தாயி, இறங்குது! விழுந்த ரெண்டு பேரையும் தூக்கியாச்சு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. நாணு மேசையைப் படபடவென்று தட்டினார்.

அடுத்து தங்கமயில்.

"ஏக்கா, பாலத்துல பாதியில மாட்டிக்கிட்டேன். நசுங்கியிருப்போம். உன் குரல் வந்த பெறவுதான் நெருக்குறது நின்னுச்சு. பிள்ள நல்லாருக்கான்."

பொன்செல்வியால் நாணுவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவர் உள்ளே அடுத்த செய்திக்காக யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். மன்னிப்புக் கேட்க எழுந்தபோது போன் அடித்தது.

"ஹலோ, நாணு சார் இருக்காரா? நான் அவர் பொண்ணு மாலதி. தாராவி கிளினிக்ல நர்ஸ். நாங்க எல்லாரும் பத்திரம்னு அவர்கிட்ட சொல்லிடுங்க."

"நீங்க தாராவியிலயா இருந்தீங்க? சார் ஒரு வார்த்தை சொல்லலையே!"

மறுமுனையில் அந்தப் பெண் சிரித்தாள்.

"பேஷன்ட்டுங்களைக் கூட்டிக்கிட்டு ஓடட்டுமாப்பான்னு முதல்லயே போன் பண்ணிக் கேட்டேன் மேடம். 'ரேடியோவுல சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாதும்மா'ன்னு சொல்லி வச்சுட்டார்."