பல் தடம்

தையல் மெஷின் மோட்டார் மறுபடியும் நின்றுபோனதும், இனி ரிப்பேர்காரனைக் கெஞ்சப் போவதில்லை, தானே பிரித்துப் பார்ப்பது என்று, வயரைப் பிடித்து இழுக்க வாகான நோஸ் பிளேயர் வாங்கக் கிளம்பிவிட்டாள் ஜெயசித்ரா.

"கையில புடிச்சுப் பாத்தா மட்டும் பத்தாதுக்கா. பேப்பரைக் கடிக்க விட்டுப் பாருங்க, பல்லு சரியா இருக்கான்னு தெரிஞ்சிடும்," என்றார் கடைக்காரர். ஏழெட்டைக் கடிக்கவிட்டு, வரி பிசகாமல் பதிந்த ஒன்றை எடுத்துக்கொண்டாள். அந்தக் காகிதமும் கையோடு வந்துவிட்டது.

வீட்டில் மோட்டார் மூடியைக் கழற்றினாள். உள்ளே ஒரு வயர் அறுந்து கிடந்தது. எலி வேலையில்லை. வயரின் உறைமேல் வரிவரியாகப் பல் தடம். நடுவில் ஒரு வரி மட்டும் விழவில்லை. கணவன் துரைக்கண்ணுவின் பழைய பிளேயரை எடுத்து, அதே காகிதத்தின் ஓரத்தைக் கடிக்கவிட்டாள். அதிலும் நடுவில் ஒரு வரி விழவில்லை.

"ஓட்டை மெஷின்மா அது. வித்துத் தொலச்சிட்டு நிம்மதியா வீட்ல இரேன்," கூடத்திலிருந்து அன்பாகச் சொன்னான் அவன். போன தடவை இதைச் சொல்லித் தலையை வேறு தடவிக்கொடுத்தான்.

அறுந்த வயரை முறுக்கி டேப் சுற்றினாள். பிறகு காபி ஆற்றிக்கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். பக்கத்தில் பிஸ்கட் தட்டு. அதில் அந்தப் பழைய பிளேயர் மட்டும் வாயைத் திறந்து கிடந்தது.

செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே பிஸ்கட்டுக்குக் கையை நீட்டினான் அவன்.