இரண்டு மில்லி

மேசைக்குப் பின்னால் விவசாயச் சங்கத் தலைவர் ராஜராஜன், அவருக்கு இருபுறமும் இரண்டு இயக்குநர்கள், ஓரத்து ஸ்டூலில் எழுத்தர் பூர்ணிமா, பெஞ்சில் மெக்கானிக் குழந்தைராஜ். சங்கத்து டிராக்டரை ஓட்டும் வீரையனுக்கு வாசற்படிதான்.

"சங்கத்து டிராக்டர் இன்ஜின் எப்படிப்பா உடைஞ்சுச்சு?" என்று தலைவர் மெக்கானிக்கைக் கேட்டார்.

"யாரோ உள்ள சுத்துற கிராங்கைக் கழட்டி வேற வண்டியோடதை மாட்டியிருக்காங்க தலைவரே. பிஸ்டனைத் தாங்குற ராடு மட்டும் நம்மளோடதே. ஸ்ட்ரோக், அதான் பிஸ்டன் ஏறி இறங்குற தூரம், ரெண்டு மில்லிமீட்டர் கூடிப்போச்சு. பிஸ்டன் ஒரு மில்லி மேல ஏறி, காத்தை அழுத்துற கம்ப்ரஷன் பதினேழுலேருந்து இருபதாயிடுச்சு. ராடு தாங்கல."

"அப்ப நம்ம கிராங்க்?" என்றார் இயக்குநர் ஒருவர்.

"அது எந்த வண்டிக்குப் போச்சோ, அங்க கம்ப்ரஷன் குறைஞ்சிருக்கும். தள்ளாம ஸ்டார்ட் ஆகாது."

"வித்துத் தின்னுட்டான் திருட்டுப்பய!" வெற்றிலைச் சாறு தெறிக்கக் கத்தினார் தலைவர். பூர்ணிமாவுக்கு அருவருத்தது.

"சத்தியமா நான் இல்லீங்க. வேலை போனா என் குடும்பம் என்னாகுங்க?" என்றான் வீரையன்.

அவனை வேலையை விட்டு நீக்கத் தலைவர் சொல்ல, இயக்குநர்கள் தலையாட்டினார்கள். பணிநீக்கக் கடிதத்தை எழுதி, தலைவரிடம் கையெழுத்து வாங்கி, பூர்ணிமா உறையை ஒட்டினாள்.

"நீடாமங்கலம் போற என் டிராக்டர்ல குடுத்துவிடும்மா. முறைப்படி இன்னைக்கே ரிஜிஸ்டர் தபால்ல சேரணும்" என்றார் தலைவர்.

வாசலில் தலைவரின் டிராக்டர் இருமியது. வெள்ளைப் புகையைக் கக்கி அடங்கியது.

"எப்பவும்போல தள்ளிவிடுங்கப்பா!" என்று அதன் டிரைவர் குரல் கொடுத்தான்.

குழந்தைராஜ் தரையைப் பார்த்தார். பூர்ணிமா உறையை டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் தலைவரைத் திரும்பிப் பார்த்தாள்.

"வீரையா, சும்மாதானே நிக்கிற? போய்த் தள்ளு" என்றார் தலைவர்.

வீரையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினான். அவன் வேலையைப் பறிக்கும் கடிதம் கிளம்பிப் போனது.