குளிர் படாத கிழங்குகள்

வேலிக்கு மேலால் எட்டி, பக்கத்து வீட்டுப் பூக்களைப் படம் எடுத்தாள்.

பங்குனி பிறந்தும் டொரோண்டோவில் பனி முழுதாகக் கரையவில்லை. அந்த வெள்ளையைப் பிளந்துகொண்டு ஊதாவும் மஞ்சளுமாய், விரல் நீளத்தில், குரோக்கஸ் பூக்கள்.

வேலி படத்தில் விழாமல் பார்த்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டுப் பூ என்று எழுதி அனுப்பிவிடலாம். வான்கூவரில் இருக்கிற மகளுக்கு என்ன தெரியப்போகிறது?

ஐப்பசியில், வான்கூவர் வேலைக்குப் புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, மகள் ஒரு பை குரோக்கஸ் கிழங்கு வாங்கிவந்தாள். பார்த்தால் சின்ன வெங்காயம். சட்டியில் நட்டுப் பின்படியில் வைத்தாள்.

இந்த ஊரில் இல்லாத வேலையா என்று தொடங்கிய சண்டை. இருவரும் பேசாதிருந்த நாட்கள்.

"பூத்தா படம் எடுத்து அனுப்புங்கோ. குளிருமெண்டு உள்ளுக்கு எடுத்துப்போடாதேங்கோ."

மகள் புறப்படும்போது சொன்னது அது. இவள் போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

வழியனுப்ப வாசலுக்கும் போகவில்லை.

அதன்பிறகு மாதத்துக்கு ஒருமுறை, சுகமோ என்று ஒரு வரி. சுகம் என்று ஒரு வரி. அதற்கு மேல் எழுத இருவருக்கும் கை வரவில்லை.

பூவைப் பற்றியென்றால் எழுதலாம். மகளே கேட்டது.

முதல் பனி விழுந்த அன்று பின்கதவுக் கண்ணாடியால் பார்த்தாள். சட்டியின் விளிம்பு மெல்ல மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

மனம் கேட்கவில்லை.

தூக்கிவந்து மகளின் அறையில், சூடு வருகிற இடத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஆளில்லாத அந்த அறையில் ஹீட்டரை அவள் இன்னும் நிறுத்தியிருக்கவில்லை.

தையில் முளை வந்தது. பிறகு இலை. இலைமேல் இலை.

ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்து பார்த்தாள். இலைகள் நீண்டு, துவண்டு, சட்டிக்கு வெளியே சரிந்தன.

போன கிழமை வந்த பக்கத்து வீட்டுக் கோசலாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

"என்னக்கா, வெங்காயத்தாளோ? சுண்டலாம் போல கிடக்கு."

பிறகு கிட்டப் போய்ப் பார்த்தாள்.

"ஐயோ, இது ஸ்னோவுக்க கிடக்கவேணுமெல்லோ. குளிர் படாட்டி இலைதான் வரும். பூக்காது அக்கா."

குளிர் படாவிட்டால் பூக்காது. இப்படியும் ஒரு செடியா?

கோசலா போன பிறகும் தேநீர்க் கோப்பை இவள் கையிலேயே இருந்தது. ஆறிப்போயிருந்தது.

இப்போது படத்தோடு உள்ளே வந்தாள். கோட்டையும் கையுறையையும் கழற்றினாள். மகளின் கட்டிலில் உட்கார்ந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

அழகாகத்தான் இருந்தது.

அனுப்பினால் மகள் மகிழ்வாள். ஏதாவது எழுதுவாள். இரண்டு வரி. மூன்று வரியாகவும் இருக்கலாம். ஐந்து மாதத்தில் அப்படி ஒன்றும் வந்ததில்லை.



அந்தப் படத்தை அழித்தாள்.

சரிந்து கிடந்த இலைகளைப் படம் எடுத்தாள். கீழே எழுதினாள்.

பூக்கேல்லை. நான்தான் உள்ளுக்கு எடுத்துப்போட்டன்.

அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அது இரண்டு தடவை அதிர்ந்தது.

உள்ளுக்கு எடுப்பியள் எண்டு தெரியும், அம்மா.

அதன் கீழே இன்னொன்று.

அங்க இன்னும் குளிரோ?

யன்னலுக்கு வெளியே வெளிறிய வெயில். குளிரோ இல்லையோ, இந்த வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்ல முடியாது.

எழுந்து போய்ப் பின்கதவைத் திறந்தாள். கோட் போடவில்லை. பனி கரையாத படியில் உட்கார்ந்தாள்.

குளிர் ஏறட்டும் என்று இருந்தாள்.