இடமில்லை என்று சொல்லத் தெரியாத பெட்டி

சமையலறை மூலையில் கிடந்த எக்ஸ்டென்ஷன் பெட்டிக்கு, வந்தவர்களை வேண்டாம் என்று சொல்ல வாயே வராது. அன்று அந்த வீட்டில் பெண் பார்க்க வந்திருந்தார்கள். காலையிலேயே மிக்சி ஓடி வந்தது.

"வாங்கக்கா, இடமிருக்கு!"

பின்னாலேயே இஸ்திரிப்பெட்டி வந்தது, கெட்டில் வந்தது, கரண்ட் அடுப்பும் வந்தது. அத்தனை பேரையும் சேர்த்துக்கொண்ட பெட்டிக்குத் தலைகால் புரியவில்லை. ஊரே தன் மடியில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"ஏண்டி, உடம்பு இப்படிக் கொதிக்குதே?" என்றது மிக்சி.

"சந்தோஷம்க்கா!"

சுமை தாங்காமல், சுவரிலிருந்த ட்ரிப் சுவிட்ச் பட்டென்று விழுந்து கரண்டை நிறுத்தியது. ஃபேன், விளக்கு எல்லாம் நின்றுபோயின.

"விருந்தாளிங்க முன்னாடி மானத்தை வாங்கிட்டியே, பாவி!" என்று கத்தியது பெட்டி.

"கத்துறது இருக்கட்டும். பக்கத்துல தொங்குற திரையைப் பாரு" என்றது சுவிட்ச்.

பெட்டியை ஒட்டித் தொங்கிய திரைச்சீலையின் ஓரம் சுட்ட அப்பளம் மாதிரி பழுப்பாகக் கருகியிருந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் வீடே பற்றியிருக்கும்.

மறுநாள் கரண்ட் அடுப்பு ஆடி அசைந்து வந்தது.

"இடமில்லை, போயிட்டு வாங்க!" என்றது பெட்டி.

சொன்ன வார்த்தை அதற்கு அவ்வளவு ருசித்தது. அதனால், மேலே உட்கார வந்த ஈயிடமும் ஒருதரம் சொல்லிப் பார்த்தது.